பி-மதிப்பைப் படிப்பது எப்படி: 98.6 டிகிரியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் இன்னும் இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கண்ணாடிக் குழாயை விரலிடையில் மெல்ல உருட்டினால் ஏதோ ஒரு கோணத்தில்தான் அந்த வெள்ளிக் கோடு சட்டென்று கண்ணுக்குப் படும். 98-க்கும் 99-க்கும் நடுவே ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், அது 98.6. பாதரசம் அதைத் தாண்டிவிட்டால் 'லேசா காயுதே' என்று அம்மா சொல்லிவிடுவார். 98.4-தான் சரி என்று சொல்லிப் பழகியவர்களும் நம் ஊரில் உண்டு. இந்த இரண்டில் எது சரி, இல்லை இரண்டுமே தப்பா?

புள்ளியியல் சோதனையின் முடிவில் வரும் பி-மதிப்பு (p-value) என்ற எண்ணைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைத்ததில்லை. ஒரே ஒரு குழு, ஒரே ஒரு அளவு, ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒரு எண். ஒற்றைச் சாம்பிள் சோதனை என்பது இவ்வளவுதான். கணக்குப் போடுவதில் பெரும்பாலானவர்கள் தவறுவதில்லை, மென்பொருள் அதைப் பார்த்துக்கொள்ளும். கடைசியில் வரும் அந்த ஒரு எண்ணைப் படித்துச் சொல்லும் இடத்தில்தான் தேர்வு எழுதுபவர், ஆய்வேடு எழுதுபவர், செய்தி எழுதுபவர் என்று எல்லோரும் வழுக்குகிறார்கள். அதனால் கணக்கை வேகமாகக் கடந்துவிட்டு, படிக்கும் இடத்தில் நிதானமாக நிற்போம்.

முதல் படி: தரவைப் பார்ப்பதற்கு முன் கேள்வியை எழுதுங்கள்

98.6 எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரிந்துகொள்வோம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருந்த மருத்துவர் கார்ல் வுண்டர்லிஷ் ஏராளமான நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்து அளந்து, 1868-இல் ஒரு நூலாக வெளியிட்டார். ஆரோக்கியமான உடலுக்கு அவர் சொன்ன சராசரி 37 டிகிரி செல்சியஸ். அதைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 98.6. முழு எண்ணாக இருந்த 37 இப்படித் தசமப்புள்ளியோடு மாறியதும் ஏதோ பத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாக அளந்த எண் போன்ற தோற்றம் வந்துவிட்டது.

இப்போது கேள்வி: ஆரோக்கியமான மனிதர்களின் சராசரி உடல் வெப்பம் உண்மையிலேயே 98.6-தானா? 'ஆம், 98.6-தான்' என்று முதலில் ஒப்புக்கொண்டு எழுதுவது இன்மைக் கருதுகோள், கல்லூரியில் நல் ஹைபோதெசிஸ் என்பார்கள். '98.6 இல்லை, கூடவோ குறையவோ இருக்கிறது' என்பது மாற்றுக் கருதுகோள். இரண்டுமே மொத்த மக்கள் தொகுதியின் சராசரியைப் பற்றியவை, கையில் இருக்கும் சாம்பிளைப் பற்றியவை அல்ல. சாம்பிளின் சராசரி என்ன என்று நமக்கே தெரியும், அதற்குச் சோதனை எதற்கு?

'கூடவோ குறையவோ' என்று எழுதியதைக் கவனியுங்கள். இது இருமுனைச் சோதனை. 'கூட' அல்லது 'குறைய' என்று ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் அது ஒருமுனை. ஒருமுனையா இருமுனையா என்பதை இப்போதே, தரவு கண்ணில் படுவதற்கு முன்பே, முடிவு செய்துவிட வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் படி: தரவு யாருடையது என்று பாருங்கள்

1992-இல் பிலிப் மாக்கோவியாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் 148 ஆரோக்கியமான பேரை, 18 முதல் 40 வயதுக்குள் இருந்தவர்களை, வாயில் வெப்பமானி வைத்து அளந்து, 700 அளவீடுகளோடு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த சராசரி 98.2. அந்தக் கட்டுரையை ஒட்டி 1996-இல் ஆலன் ஷூமேக்கர் வகுப்பறைப் பயிற்சிக்காக 130 மதிப்புகள் கொண்ட ஒரு தரவுத் தொகுப்பை உருவாக்கி வெளியிட்டார். உலகம் முழுக்கப் புள்ளியியல் வகுப்புகளில் இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. நாமும் அதையே எடுத்துக்கொள்வோம்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள், ஏனென்றால் பலர் தாண்டிப் போகும் இடம் இது. மூல ஆய்வில் 148 பேரிடமிருந்து 700 அளவீடுகள். அந்த 700-ஐயும் 700 தனி மனிதர்கள் போலக் கணக்கில் போட்டால் பி-மதிப்பு பொய் சொல்லும். ஒரே ஆளைக் காலையிலும் மாலையிலும் அளந்தால் அந்த இரண்டு அளவுகளும் ஒன்றை ஒன்று ஒட்டியே இருக்கும், இரண்டாவது அளவு முழுதாகப் புதுத் தகவல் எதையும் தருவதில்லை. அளவீடுகள் ஒன்றையொன்று சாராதவை என்பது இந்தச் சோதனையின் அடித்தளம். அது ஆடினால் மேலே கட்டியதெல்லாம் ஆடும். தரவு மணி வடிவில் பரவியிருக்கிறதா என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள், 130 மதிப்புகள் இருக்கும்போது அதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பெரிய பாதகமில்லை. சாராத்தன்மைக்கு அந்தச் சலுகை கிடையாது.

மூன்றாம் படி: டி மதிப்பைக் கணக்கிடுங்கள்

நம் 130 மதிப்புகளின் சராசரி 98.249. திட்டவிலக்கம் 0.733. திட்டவிலக்கத்தை 130-இன் வர்க்கமூலமான 11.40-ஆல் வகுத்தால் 0.0643, இது திட்டப்பிழை. திட்டவிலக்கம் மனிதருக்கு மனிதர் எவ்வளவு மாறுகிறது என்று சொல்கிறது. திட்டப்பிழையோ, இதே போல வேறு 130 பேரை எடுத்தால் சராசரி எவ்வளவு ஆடும் என்று சொல்கிறது. இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது, கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

சாம்பிள் சராசரியிலிருந்து 98.6-ஐக் கழித்தால் மைனஸ் 0.351. அதை 0.0643-ஆல் வகுத்தால் மைனஸ் 5.45. அதாவது நமக்குக் கிடைத்த சராசரி, 98.6-லிருந்து ஐந்தரைத் திட்டப்பிழை தள்ளிக் கீழே விழுந்திருக்கிறது. இதுதான் டி மதிப்பு. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், சின்னச் சாம்பிள்களை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டிய கட்டாயத்தில், 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்ட வழி இது.

நான்காம் படி: பி-மதிப்பை வாங்கிப் படியுங்கள்

மென்பொருளில் கொடுத்தால் மூன்று விஷயம் வரும்: டி மைனஸ் 5.4548, கட்டின்மைப் படி (degrees of freedom, இங்கே 130-இல் ஒன்று குறைவு) 129, பி-மதிப்பு 2.411-ம் பக்கத்தில் 'இ மைனஸ் 07'-ம். முதல்முறை பார்ப்பவர்கள் 2.4 என்று எழுதிவிடுவதுண்டு. பி-மதிப்பு ஒன்றைத் தாண்டவே முடியாது, அது ஒரு நிகழ்தகவு. 'இ மைனஸ் 07' என்றால் தசமப்புள்ளியை ஏழு இடம் இடப்பக்கம் நகர்த்து என்று அர்த்தம்: 0.00000024. சுமார் 41 லட்சத்தில் ஒன்று. சில மென்பொருள்கள் இதை வெறும் .000 என்று காட்டும். அதைப் பார்த்து 'பி = 0' என்று எழுதிவிடாதீர்கள், 0.001-க்கும் குறைவு என்று எழுதுங்கள்.

சரி, இந்த எண் என்ன சொல்கிறது? முழு வாக்கியத்தையும் எழுதுகிறேன், நீளமாக இருந்தாலும் ஒரு சொல்லையும் விடாமல் படியுங்கள்:

ஆரோக்கியமான மனிதர்களின் சராசரி வெப்பம் உண்மையிலேயே 98.6-தான், சோதனையின் மற்ற அனுமானங்களும் சரிதான் என்று வைத்துக்கொண்டால், இப்படி 130 பேரை எடுக்கும்போது 98.6-லிருந்து மேலேயோ கீழேயோ ஐந்தரைத் திட்டப்பிழை தூரமோ அதற்கு மேலோ விலகிய முடிவு கிடைப்பதற்கு 41 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு.

'என்று வைத்துக்கொண்டால்' என்ற சொல்லில்தான் உயிர் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் படிக்கும் எல்லா வாசிப்பும் தப்பாகத்தான் போகும். 'ஐந்தரையோ அதற்கு மேலோ' என்பதும் முக்கியம், பி-மதிப்பு நமக்குக் கிடைத்த முடிவின் வாய்ப்பு மட்டுமல்ல, அதைவிட விசித்திரமான எல்லா முடிவுகளையும் சேர்த்து எண்ணிய வாய்ப்பு. நாணயத்தை 10 முறை சுண்டி 9 தலை விழுந்தால், 9 தலை, 10 தலை, எதிர்ப்பக்கம் 9 பூ, 10 பூ எல்லாவற்றையும் கூட்டுவோம்: 1,024-இல் 22, அதாவது 0.021. அதே வேலைதான் இங்கேயும்.

ஐந்தாம் படி: 98.6-ஐ மாற்றிப் போட்டுப் பாருங்கள்

பாடநூல்களில் இந்தப் படி பெரும்பாலும் இருக்காது. ஆனால் எனக்கு பி-மதிப்பு உண்மையில் புரிந்தது இதைச் செய்து பார்த்த நாளில்தான், அதனால் நீங்களும் அவசியம் செய்யுங்கள்.

தரவு அதே 130 மதிப்புகள். கருதுகோளில் உள்ள எண்ணை மட்டும் மாற்றுவோம். 98.4 என்று சொல்பவர்கள் சொல்வது சரியா? டி மைனஸ் 2.34, பி சுமார் 0.02. 98.6 அளவுக்கு மோசமில்லை, ஆனாலும் தரவோடு உரசுகிறது. 98.3? டி மைனஸ் 0.79, பி சுமார் 0.43. எந்த உரசலும் இல்லை. சரி, 98.2 போடுங்கள்: பி சுமார் 0.45. அதிலும் உரசல் இல்லை!

இப்போது யோசியுங்கள். 98.3-க்கு பி பெரிதாக வந்ததால் '98.3-தான் என்று நிரூபணமாகிவிட்டது' என்று சொன்னால், 98.2-ம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. அதனால்தான் பெரிய பி-மதிப்பு வந்தால் 'இன்மைக் கருதுகோளை ஏற்கிறோம்' என்று எழுதக்கூடாது, 'நிராகரிக்கப் போதிய ஆதாரம் இல்லை' என்று எழுத வேண்டும் என்கிறார்கள். மின்சாரம் போன இரவில் கீழே விழுந்த கம்மலின் திருகாணியை ஒரே ஒரு தீக்குச்சி வெளிச்சத்தில் தேடிவிட்டு, 'இங்கே இல்லை' என்று எழுந்துவிட முடியுமா? கிடைக்கவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இப்படி ஒவ்வொரு எண்ணாகப் போட்டுக்கொண்டே போனால், பி 0.05-க்கு மேலே நிற்கும் எண்கள் எல்லாம் 98.12-இல் தொடங்கி 98.38-இல் முடியும். அந்தப் பட்டைக்குத்தான் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி என்று பெயர். தனிப் பாடமாகப் படித்த இரண்டும் ஒன்றுதான் என்று தெரியும்போது ஒரு மகிழ்ச்சி வரும் பாருங்கள், அதற்காகவே செய்து பார்க்கலாம். இந்தப் பட்டையைத்தான் முதலில் பாருங்கள், பி-மதிப்பை அப்புறம் பாருங்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

ஆறாம் படி: பி சொல்லாததை அதன் வாயில் திணிக்காதீர்கள்

பி 0.02 வந்தால் 'இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 2 சதவீத வாய்ப்பு' என்று படிப்பதுதான் மிகப் பரவலான தவறு. மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருக்கிறது என்பதற்காக மழை பெய்தது என்று சொல்லிவிட முடியுமா? தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டே போயிருக்கலாம். ஐப்பசியில் நனைந்த தெருவைப் பார்த்தால் மழை என்பேன், சித்திரையில் பார்த்தால் லாரி என்பேன். தெரு ஒன்றுதான், ஈரமும் ஒன்றுதான், முன்பே நமக்குத் தெரிந்திருப்பதுதான் வேறு. பி-மதிப்புக்கு மாதம் தெரியாது. கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டு தரவின் வாய்ப்பைச் சொல்கிறது, தரவை வைத்துக்கொண்டு கருதுகோளின் வாய்ப்பை அது சொல்லவே இல்லை.

எண்ணில் காட்டுகிறேன். 1,000 கருதுகோள்களைச் சோதிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் 100-இல்தான் உண்மையில் வித்தியாசம் இருக்கிறது, மற்ற 900-இல் ஒன்றுமில்லை. இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் திறன் 80 சதவீதம் என்றால் 80 சரியாகச் சிக்கும். ஒன்றுமில்லாத 900-இல் 5 சதவீதம், அதாவது 45, தற்செயலாகவே 0.05-க்குக் கீழே வந்துவிடும். ஆக மொத்தம் 125 'கண்டுபிடிப்புகள்', அதில் 45 வெறும் தற்செயல், 36 சதவீதம்! எல்லாம் 0.05-க்குக் கீழே வந்தவைதான்.

அப்புறம், இந்த 0.05 எங்கிருந்து வந்தது? ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் வெளியிட்ட தம் புத்தகத்தில், இருபதில் ஒன்று என்பது ஏறக்குறைய இரண்டு திட்டவிலக்கத்துக்குச் சமமாக வருவதால் அதை எல்லையாக வைத்துக்கொள்வது வசதி என்று எழுதினார். வசதிக்காக வைத்த எல்லை. ஹிக்ஸ் துகளைத் தேடிய இயற்பியலாளர்கள் 2012-இல் ஐந்து திட்டவிலக்கம் என்ற எல்லையை வைத்துக்கொண்டார்கள், அது ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒன்று. 0.049-க்கும் 0.051-க்கும் இடையே ஒரு மதில் எழுப்பி, இந்தப் பக்கம் வெற்றி, அந்தப் பக்கம் தோல்வி என்று ஒரு மாணவரின் மூன்று வருட உழைப்பைத் தீர்ப்புச் சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். பி-மதிப்பு இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பைச் சொல்லாது, அது ஓர் எல்லையைத் தாண்டியதா என்பதை மட்டும் வைத்து அறிவியல் முடிவு எடுக்கக்கூடாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் அறிக்கையாகவே வெளியிட்டது.

ஒருமுனை விஷயத்துக்கு வருகிறேன். ஒருமுனையாக மாற்றினால், நீங்கள் சொன்ன பக்கமே முடிவும் இருந்தால், பி பாதியாகும்: 0.08 வந்தது 0.04 ஆகிவிடும். தரவைப் பார்த்த பிறகு இப்படி மாற்றுவது, அம்பு குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் வரைவது. எதிர்ப்பக்கம் முடிவு வந்திருந்தால் அதே 0.08 ஒருமுனையில் 0.96 ஆகியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இருபது விஷயங்களைச் சோதித்துவிட்டு 0.05-க்குக் கீழே வந்த ஒன்றை மட்டும் எழுதுவதும் இதே கதைதான். எதிலுமே ஒன்றுமில்லாவிட்டாலும், அந்த இருபதும் ஒன்றையொன்று சாராதவை என்றால், குறைந்தது ஒன்று அப்படி வர 64 சதவீத வாய்ப்பு உண்டு.

ஏழாம் படி: வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று தனியாகக் கேளுங்கள்

நம் வித்தியாசம் 0.35 டிகிரி. இதே சராசரியும் இதே திட்டவிலக்கமும் 130 பேருக்குப் பதில் 10 பேரிடம் கிடைத்திருந்தால்? டி 1.51-தான், பி சுமார் 0.16. 25 பேர் என்றால் 0.025. வித்தியாசம் இம்மியும் மாறவில்லை, ஆள் எண்ணிக்கை மட்டும் மாறியது, பி எங்கிருந்து எங்கே போய்விட்டது! மறுபக்கம், ஒரு லட்சம் பேரை அளந்தால் வெறும் 0.01 டிகிரி வித்தியாசத்துக்கே பி 0.00002-க்குக் கீழே போய்விடும். அந்த 0.01 எந்த மருத்துவருக்கும் எதற்கும் பயன்படாது. ஆகவே சின்ன பி என்றால் பெரிய வித்தியாசம் என்று படிக்காதீர்கள். வித்தியாசத்தை அதன் சொந்த அலகில், டிகிரியில், கிராமில், ரூபாயில் சொல்லிவிட்டு, இது பொருட்படுத்தத் தக்கதா என்று அந்தத் துறை தெரிந்தவரிடம் கேளுங்கள்.

காரணத்தையும் பி சொல்லாது. 98.6 பொருந்தவில்லை, சரி, ஏன்? வுண்டர்லிஷ் அக்குளில் அளந்தார், இவர்கள் வாயில் அளந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கருவி வேறு. அமெரிக்கர்களின் உடல் வெப்பமே 1860-களிலிருந்து மெல்லக் குறைந்து வந்திருக்கிறது என்று 2020-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதில் எது எவ்வளவு என்று மைனஸ் 5.45-ஐ எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

எட்டாம் படி: எழுதுவது

ஆய்வேட்டில் இப்படி எழுதலாம், எண்களை மட்டும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்: '130 பேரின் சராசரி உடல் வெப்பம் 98.25 டிகிரி பாரன்ஹீட் (திட்டவிலக்கம் 0.73). இது 98.6-ஐவிட 0.35 டிகிரி குறைவு. சராசரிக்கான 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 98.12 முதல் 98.38 வரை. சராசரி 98.6 என்ற கருதுகோளோடு இந்தத் தரவு பொருந்தவில்லை (டி மைனஸ் 5.45, கட்டின்மைப் படி 129, இருமுனை பி 0.001-க்கும் குறைவு).' வித்தியாசம் முதலில், இடைவெளி அடுத்து, பி கடைசியில். இந்த வரிசையை நான் விடாமல் வற்புறுத்துவேன்.

திட்டவிலக்கத்துக்குத் திரும்பி வருவேன் என்றேன் அல்லவா. இந்தச் சோதனையைப் படித்துவிட்டு ஒருவர், 'அப்படியென்றால் என் குழந்தைக்கு 98.6 இருந்தால் அது இயல்பில்லையா?' என்று கேட்டார். மிக நல்ல கேள்வி. நாம் நிராகரித்தது சராசரி 98.6 என்பதை மட்டுமே, அதற்குப் பயன்பட்டது 0.064 என்ற சின்னத் திட்டப்பிழை. தனி ஒரு ஆளைப் பற்றிக் கேட்டால் பார்க்க வேண்டியது 0.73 என்ற திட்டவிலக்கத்தை: 98.25-லிருந்து இருபக்கமும் அதைப் போல இரண்டு மடங்கு போனால் 96.8 முதல் 99.7 வரை. இந்த 130 பேரிலேயே 96.3 காட்டியவரும் இருக்கிறார், 100.8 காட்டியவரும் இருக்கிறார். இத்தனைக்கும் இவர்கள் பெரியவர்களின் தரவை ஒட்டி உருவானவர்கள், குழந்தைகளின் கணக்கு தனி. தெர்மாமீட்டரில் அந்த அம்புக்குறியிலேயே பாதரசம் நின்றால், அந்தக் குழந்தையைப் பற்றி நம் பி-மதிப்புக்குச் சொல்ல எதுவுமில்லை. நெற்றியைத் தொட்டுப் பாருங்கள், சாப்பிட்டதா, விளையாடுகிறதா என்று பாருங்கள், சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.